அந்த இரவில் உங்களைப் புரட்டிப் படுக்கவைத்த கை

கேள்வி:

எனக்கு 43 வயது. போன வருடம் வயிற்றுப்போக்கு வந்து சரியாகி, பத்து நாள் கழித்துப் பாதம் மரத்துப்போனது. மறுநாள் முழங்கால் மடங்கியது. ஐந்தாம் நாளுக்குள் கை, முகம், விழுங்குவது, மூச்சு எல்லாம் போய்விட்டது. நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் என்றார்கள். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்றினார்கள். 19 நாள் வென்டிலேட்டரில் இருந்தேன். இப்போது எட்டு மாதம் ஆகிறது. குச்சி பிடித்து நடக்கிறேன். வலது பாதம் இன்னும் தொங்குகிறது. மதியத்துக்கு மேல் உடம்பு ஓய்ந்துவிடுகிறது.

சபையில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். ஒருவர், "தேவன் உன்னை உடைத்து உருவாக்கினார்" என்கிறார். இன்னொருவர், "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பார்" என்கிறார். கால் சரியாகாததற்கு விசுவாசக் குறைவுதான் காரணம் என்று என் காதுபடவே பேசுகிறார்கள். எனக்கு இதில் ஒரு அர்த்தம் வேண்டும். ஆனால் இவர்கள் கொடுக்கும் எதுவும் என் உடம்பில் நடந்ததோடு ஒட்டவில்லை.

ஐ.சி.யு.வில் சுவரெல்லாம் பூச்சி ஊர்வதைப் பார்த்தேன். நர்ஸ் என்னைக் கொல்ல வருகிறாள் என்று நம்பினேன். அதே ஐ.சி.யு.வில் ஒரு இரவு, யாரோ என் தோளையும் இடுப்பையும் பிடித்து மெதுவாகப் புரட்டினார்கள். நெற்றியில் ஒரு கை கொஞ்ச நேரம் இருந்தது. பயம் முழுக்கப் போய்விட்டது. இயேசு வந்தார் என்றே தோன்றியது. அது அவரா, மருந்தா?

இன்னொன்று. விழியை மேலே தூக்கினால் ஆம், பக்கத்தில் நகர்த்தினால் வேண்டாம். அதுதான் அப்போது என் பாஷை. அக்கா வந்து, "23-ஆம் சங்கீதம் வாசிக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் விழியைப் பக்கத்தில் நகர்த்தினேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அக்கா சங்கீதம் வாசிக்கக் கேட்டபோது நீங்கள் வேண்டாம் என்றது. எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்றால், மற்றக் கேள்விகளைவிட இதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

நான் 11 வருடம் செவிலியராக வேலை பார்த்துவிட்டு, அப்புறம் நோயாளிகளுக்கான ஆலோசனை ஊழியத்துக்கு வந்தவள். ஐ.சி.யு.வில் வேதம் வாசிக்க வேண்டாம் என்று சொன்ன விசுவாசிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். போதகர்களும் அவர்களில் உண்டு. விழுங்க முடியாமல், நாக்கு வறண்டு, ஒரு சொட்டுத் தண்ணீருக்கு ஏங்கிக் கிடக்கிறவரிடம் போய், "அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில் என்னைக் கொண்டுபோய்விடுகிறார்" என்று வாசித்தால் எப்படி இருக்கும்? அக்காவின் அன்பு பெரியது, சங்கீதமும் நல்லது. ஆனால் அந்த நேரத்தில் உங்களால் அதைத் தாங்கியிருக்க முடியாது. 77-ஆம் சங்கீதத்தை எழுதினவர், தேவனை நினைத்தபோது அலறினேன் என்கிறார், தன் ஆத்துமா ஆறுதலடையாமற்போயிற்று என்கிறார். அந்த வரிகளும் வேதத்துக்குள்தான் இருக்கின்றன. உங்களிடம் அன்றைக்கு இருந்ததே இரண்டு வார்த்தைதான், ஆம், வேண்டாம். அதில் ஒன்றை உண்மையாகப் பயன்படுத்தினீர்கள். தேவனுக்கு முன்பாக நீங்கள் சொன்ன உண்மையாகவே அதை நான் பார்க்கிறேன்.

ஜெபிக்கவும் முடியவில்லை, வேதத்தையும் மறுத்துவிட்டேன், அப்படியானால் அந்த 19 நாள் நான் விசுவாசியாகவே இல்லையா என்ற கேள்வி உங்களுக்குள் இருக்கலாம். மாற்கு 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கப்பர்நகூமில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு தூக்கிவந்து, கூட்டம் வழிவிடாததால் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அந்தக் கதையில் படுத்திருக்கிறவன் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஜெபித்தான் என்று இல்லை. என்னைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று கேட்டதாகக்கூட இல்லை. மாற்கு எழுதுவது, "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று. தூக்கிவந்தவர்கள் விசுவாசத்தையும் சேர்த்துத்தான் அந்த "அவர்கள்". உங்கள் படுக்கையையும் அன்றைக்குச் சிலர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு மூலையைப் பிடித்திருந்தாள். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவள் வீட்டுக்குப் போய்விடவில்லை, இல்லையா?

சரி, "ஏன் வந்தது" என்ற கேள்விக்கு வருகிறேன்.

உடம்பின் பக்கத்திலிருந்து இதற்கு ஓரளவு தெளிவான பதிலே இருக்கிறது. இந்த நோய் வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு, அதற்கு முந்தைய ஆறு வாரத்துக்குள் ஏதாவது தொற்று வந்திருக்கும், பெரும்பாலும் வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளில் கேம்பைலோபாக்டர் என்று ஒன்று உண்டு. அதன் மேல்தோலில் உள்ள சில மூலக்கூறுகள், நம் நரம்பில் உள்ளவற்றைப் போலவே இருக்கும். கிருமியை அழிக்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள், ஆளை மாற்றிப் பிடிப்பதுபோல் நரம்பையும் தாக்கிவிடுகிறது. உங்களுக்கு வந்த கிருமி இதுதானா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நடந்த விதம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். உங்களைக் காக்க வந்த படையே வழி தவறிவிட்டது. 1916-இல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் இந்த நோயை விவரித்து எழுதியது இரண்டு ராணுவ வீரர்களைப் பார்த்து. அன்றுமுதல் இன்றுவரை இது குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும், பக்தி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வருகிறது.

"அறிக்கையிடாத பாவம்" என்று சொன்னவருக்கு யோவான் 9-ஆம் அதிகாரமே போதும். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியை அவரே எடுத்துச் சொல்லி, அவர்கள் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்கிறார். வேதத்தில் பாவத்தையும் நோயையும் சேர்த்துப் பேசும் இடங்கள் இல்லாமல் இல்லை. யோவான் 5-இல், சுகமானவனிடம் இனிப் பாவம் செய்யாதே என்று இயேசு சொல்கிறார். ஆனால் அதைச் சொன்னது அவர், அந்த மனிதனை உள்ளும் புறமும் அறிந்தவர். நோயைப் பார்த்துப் பின்னோக்கிப் போய்ப் பாவத்தைக் கண்டுபிடிக்கிற வேலையை அவர் சபையாருக்குக் கொடுக்கவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தபோது நல்ல சிநேகிதர்களாகத்தான் இருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் தேவன் கோபப்படுவது அவர்கள்மேல், தம்மை நோக்கிக் கத்தின யோபுவின்மேல் இல்லை.

யோபுவைப் பற்றி இன்னும் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் இரண்டு அதிகாரத்தில் பரலோகத்தில் நடந்த பேச்சை வாசிக்கிற நமக்குத் தெரியும். யோபுவுக்கு அது கடைசிவரை சொல்லப்படவே இல்லை. 42 அதிகாரம் முடிந்த பிறகும் அவருக்குக் காரணம் தெரியாது. ஆனாலும் அவர் தேவனோடு சமாதானமாகிவிட்டார். காரணம் தெரிந்தால்தான் அர்த்தம் கிடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். நான் பார்த்த நோயாளிகளில் அமைதியானவர்கள் பெரும்பாலும் காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் இல்லை.

"உடைத்து உருவாக்கினார்" என்றவர் பாவம் என்று சொன்னவரைவிட மென்மையானவர்தான். ஆனால் அவர் சொன்னதும் உங்களுக்கு ஒட்டவில்லை என்கிறீர்கள். ஏன் ஒட்டவில்லை என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். 119-ஆம் சங்கீதம் 71-ஆம் வசனம், "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது" என்கிறது. நான், எனக்கு. உபத்திரவப்பட்டவனே வாய் திறந்து சொன்ன வசனம் அது. அதையே பக்கத்துப் படுக்கைக்காரனைப் பார்த்து, "நீ உபத்திரவப்பட்டது உனக்கு நல்லது" என்று மாற்றினால், வார்த்தைகள் அவைதான், ஆனால் அது ஒரு கல்லாகிவிடும்.

இதை நான் வேதனையோடு கற்றுக்கொண்டேன். இந்த ஊழியத்துக்கு வந்த முதல் வருடத்தில், இரண்டு காலையும் இழந்த ஒரு இளைஞனிடம், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்று ரோமர் 8:28-ஐச் சொன்னேன். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதன்பின் என்னோடு பேசவே இல்லை. வசனத்தில் தவறு இல்லை. அது நடப்பதெல்லாம் நல்லது என்றும் சொல்லவில்லை, தேவன் எதையும் நன்மையின் பக்கம் திருப்ப வல்லவர் என்கிறது. ஆனால் அவன் சொல்ல வேண்டியதை, அவன் சொல்வதற்குப் பல வருடத்துக்கு முன்பே, நான் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அவனை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

யோசேப்பின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 17 வயதில் விற்கப்பட்டான். ஜீவரட்சணைக்காகத் தேவன் என்னை முன்னே அனுப்பினார் என்று சகோதரரிடம் சொன்னபோது அவனுக்கு 39 வயது இருக்கும். நடுவில் 22 வருடம். குழிக்குள் கிடந்தபோது அவன் அப்படிச் சொல்லவில்லை. கெஞ்சினான், அவன் மன வியாகுலத்தைக் கண்டும் கேளாமற்போனோம் என்று சகோதரரே பிற்பாடு சொல்கிறார்கள். சிறையில் இருந்தபோதும் அப்படிச் சொல்லவில்லை. நான் ஒரு தப்பும் செய்யவில்லை, என்னை வெளியே எடுக்கப் பார்வோனிடம் பேசு என்றுதான் பானபாத்திரக்காரனிடம் கேட்டான். உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. அதற்குள் உங்களிடம் முடிவுரை கேட்கிறார்கள். இன்னும் உங்களுக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த இரவு.

அதைப் பற்றி நீங்கள் எழுதிய விதம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் பூச்சிகளையும் சேர்த்து எழுதினீர்கள். பலர் வெளிச்சத்தை மட்டும் சொல்லி, பூச்சிகளை மறைத்துவிடுவார்கள். வென்டிலேட்டரில் கிடக்கிறவர்களுக்குத் தூக்கம் சிதறி, பகலும் இரவும் கலந்து, மருந்துகளும் சேர்ந்து, இல்லாததைப் பார்ப்பதும் யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நம்புவதும் மிகவும் சகஜம். கில்லன் பாரே நோயில் தெளிவான கனவுகளும் பிரமைகளும் வருவதை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அது உங்கள் மனக்கோளாறும் இல்லை, பிசாசின் தாக்குதலும் இல்லை. அந்தக் காட்சிகள் இப்போதும் இரவில் திரும்ப வந்தால், அல்லது ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே உடம்பு நடுங்கினால், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஐ.சி.யு.விலிருந்து வந்தவர்களுக்கு இது வருவதுண்டு, அதற்கு உதவியும் உண்டு.

அப்படியானால் நெற்றியில் இருந்த கையும் பிரமைதானா? செவிலியராக இருந்தவள் என்பதால், நீங்கள் எழுதிய ஒரு விவரத்தில் என் கண் நின்றுவிட்டது. தோளையும் இடுப்பையும் பிடித்துப் புரட்டினார்கள் என்கிறீர்கள். அசைய முடியாத நோயாளியை நாங்கள் அப்படித்தான் புரட்டுவோம். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். படுக்கைப்புண் வராமல் இருக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவானாலும் பகலானாலும், இடதுபக்கம், மல்லாக்க, வலதுபக்கம் என்று மாற்றிப் படுக்கவைப்போம். முதுகுக்குப் பின்னால் தலையணை வைப்போம். சிலர் அதோடு போய்விடுவார்கள். சிலர் கொஞ்சம் நின்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள், முடியை ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் கிடையாது. ஆகவே அந்தக் கை நிஜமாகவே ஒரு மனுஷருடைய கையாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று நான் நினைக்கிறேன்.

இதைச் சொன்னதும் உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தால், 41-ஆம் சங்கீதம் மூன்றாம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். "படுக்கையின்மேல் வியாதியாய்க் கிடக்கிற அவனைக் கர்த்தர் தாங்குவார், அவனுடைய வியாதியிலே அவன் படுக்கை முழுவதையும் மாற்றிப்போடுவீர்." நான் செவிலியராக இருந்த காலத்தில் இந்த வசனத்தை முதன்முதலாகக் கவனித்தபோது, இரவு வேலை முடிந்து வந்த களைப்பிலும் அழுதுவிட்டேன். கர்த்தருக்கு வேதத்தில் எத்தனையோ பட்டங்கள் உண்டு. ராஜா, மேய்ப்பர், கன்மலை. இங்கே அவர் செய்வது ஒரு வார்டு உதவியாளர் செய்யும் வேலை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவனைத் தாங்கி, படுக்கையை மாற்றிப்போடுகிறார்.

அவரா, மனுஷரா என்று இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? எசேக்கியா சாகும் தருவாயில் இருந்தபோது தேவன் அவருக்கு 15 வருடம் கூட்டிக்கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாவே, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். அத்திப்பழமா, கர்த்தரா என்று எசேக்கியா கேட்டதாக இல்லை. எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்தபோது, தூதன் உபதேசம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், திரும்பத் தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடச் சொன்னான். மூளையில் ஓடிய மருந்தும் அந்த அமைதிக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கலாம். நாம் உணர்வது எல்லாமே மூளை வழியாகத்தானே வருகிறது, ஆராதனையில் வரும் கண்ணீரும்கூட.

அப்போது எதை வைத்துப் பார்ப்பது? எவ்வளவு தத்ரூபமாக இருந்தது என்பதை வைத்துப் பார்க்காதீர்கள். பூச்சிகளும் தத்ரூபமாகத்தான் இருந்தன. அது உங்களுக்குள் எதை விட்டுப்போனது என்று பாருங்கள். பூச்சிகள் பயத்தை விட்டுப்போயின. அந்தக் கை எதை விட்டுப்போனது? படுத்துக்கிடக்கிறவர்களைப் பார்த்தால் இப்போது உங்கள் கை முன்னைவிட மென்மையாக நீள்கிறதா? சாவைப் பற்றிய பயம் ஒரு அளவாவது குறைந்திருக்கிறதா? அப்படியானால் அதை வைத்துக்கொள்ளுங்கள், நன்றியோடு. அதன்மேல் பெரிய உபதேசம் எதையும் கட்ட வேண்டாம். இயேசு என் அறைக்கு வந்தார் என்று மேடையில் அறிவிக்கவும் வேண்டியதில்லை, இல்லை என்று மறுக்கவும் வேண்டியதில்லை. எனக்கு என்ன தோன்றுகிறது என்று நேராகக் கேட்டால், வந்தார் என்றுதான் நான் நம்புகிறேன். செவிலியர் உடுப்பில் வந்திருப்பார்.

இதோடு சேர்த்து ஒன்று. உங்களுக்கு ஐந்து நாள் ஏறிய மருந்து, எங்கோ ஒரு தொழிற்சாலையில் வேதிப்பொருள்களைக் கலந்து செய்தது அல்ல. இம்யூனோகுளோபுலின் மனித ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு தொகுதியும் ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்துத் தயாராவது. வழி தவறிப்போன உங்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கியது, நீங்கள் ஒருநாளும் பார்க்காத ஆயிரம் ஆயிரம் பேருடைய எதிர்ப்புச் சக்தி. அவர்கள் யாருக்கும் உங்கள் பெயர் தெரியாது. அடுத்த தடவை திருவிருந்தில் பாத்திரம் உங்கள் கைக்கு வரும்போது இதை நினைத்துப் பாருங்கள். மற்றவருடைய ரத்தத்தால் பிழைத்திருக்கிறோம் என்று நாம் பாடும் பாட்டு, உங்கள் உடம்பில் இன்னொரு விதத்திலும் உண்மையாகியிருக்கிறது. இது எனக்குத் தோன்றுவது. உங்களுக்கு ஒட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கால் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்பின் மேலுறை மட்டும் சேதமானால் அது வாரங்களிலோ மாதங்களிலோ திரும்ப வளர்ந்துவிடும். உள்ளே இருக்கும் இழையே அறுபட்டிருந்தால், அது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம்வரை எவ்வளவு தூரம் என்று கையால் அளந்து பாருங்கள். உங்கள் பாதம் கடைசியில் வருவதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை, அது வெகுதூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்தும் முன்னேற்றம் காண்கிறவர்கள் உண்டு. பாதத்தைத் தாங்கும் பட்டையும் பிசியோதெரபியும் விடாமல் தொடருங்கள். மதியத்துக்கு மேல் வரும் ஓய்ச்சல், பலம் திரும்பிய பிறகும் பலருக்கு வருடக்கணக்கில் இருக்கிறது. சோம்பல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூடுமானால் மதியம் படுத்துக்கொள்ளுங்கள், அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஒருவேளை கால் இதற்குமேல் சரியாகாமலே போகலாம். பவுல் தன் முள்ளை எடுக்கும்படி மூன்றுதரம் கேட்டார், "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது, முள் போனதாக எழுதவில்லை. அதே பவுல், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று இரண்டாம் தீமோத்தேயுவின் கடைசியில் ஒரு வரி எழுதுகிறார். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய அப்போஸ்தலர், கூட வேலை செய்தவனை நோயாளியாகவே விட்டுவருகிறார். ஏன் என்று விளக்கவில்லை. துரோப்பீமுவைக் குறையும் சொல்லவில்லை.

அப்புறம் சாட்சி. உங்களுக்கு விருப்பமில்லையென்றால் இப்போது வேண்டாம் என்று போதகரிடம் நேரடியாகச் சொல்லுங்கள், அதில் தவறே இல்லை. சொல்ல விருப்பமிருந்தால், மாற்கு 8-இல் வருகிற பெத்சாயிதா குருடனைப் போலச் சொல்லுங்கள். இயேசு அவன் கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, எதையாகிலும் காண்கிறாயா என்று கேட்டார். பாதிதான் தெளிந்திருந்தது. அவன் அவருடைய முகத்துக்கு நேராகவே, நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன் என்றான். முழுக்கத் தெரிகிறது, ஸ்தோத்திரம் என்று சொல்லியிருக்கலாம். சுற்றி நின்றவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கும். அவன் உள்ளதைச் சொன்னான். இயேசுவும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, மறுபடியும் கை வைத்தார்.

உங்கள் சாட்சியும் அந்த அளவில் இருந்தால் போதும். எழுதிவைத்து வாசித்தால் நல்லது, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நிற்க முடியாது, ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். என்ன நடந்தது, யார் யார் தூக்கினார்கள், அக்கா எத்தனை நாள் வந்தாள், என்ன இன்னும் நடக்கவில்லை. அர்த்தம் தெரியாத இடத்தில், இதற்கு எனக்கு இன்னும் அர்த்தம் தெரியவில்லை என்று அப்படியே சொல்லுங்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் சுகமாகாத ஒருத்தி, ஒருத்தர் கட்டாயம் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வாயிலிருந்து அந்த வரியைக் கேட்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் பலதடவை பார்த்திருக்கிறேன். சங்கீதம் வேண்டாம் என்று சொன்னதை மேடையில் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. அதை அக்காவிடம் பேசுங்கள். அவள் அதை எப்போதோ மறந்திருக்கலாம். அல்லது நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று அவளும் எட்டு மாதமாக மனதுக்குள் வைத்திருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முன்னாள் செவிலியராகக் கேட்கிறேன். ஐ.சி.யு.வில் வேலை செய்கிறவர்கள், தாங்கள் பார்த்துக்கொண்ட நோயாளி அப்புறம் எழுந்து நடந்ததைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. வார்டுக்கு மாற்றிவிடுவார்கள், அதோடு சரி. சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் திரும்பி வந்தான் என்று லூக்கா எழுதுகிறார். மற்ற ஒன்பது பேரும் நன்றிகெட்டவர்கள் என்று நான் நினைத்ததில்லை. நடந்ததை மறுபடி பார்க்கப் பயந்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். உங்களுக்கும் பயமாக இருக்கலாம், அதனால் அவசரம் இல்லை. ஆனால் ஒரு நாள், உடம்பும் மனதும் இடம் கொடுக்கும்போது, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். இரவு வேலைக்காரர்கள் மாலையில் வருவார்கள், அந்த நேரத்துக்குப் போங்கள். எந்தப் படுக்கை, எந்த மாதம் என்று சொல்லுங்கள். அன்றைக்கு இருந்தவர் வேலையை விட்டே போயிருக்கலாம், அல்லது யார் என்று யாருக்கும் நினைவில்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. அங்கே யார் இருக்கிறார்களோ அவர்கள் முன்னால் வாசலிலிருந்து அந்தப் படுக்கைவரை குச்சியோடு நடந்து காட்டுங்கள்.

போய்வந்து எனக்கு எழுதுங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன், அக்காவுக்காகவும்.